சபையை விட்டு வந்தாச்சு, இனி நான் யார்? வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

நகை கூடாது, சினிமா கூடாது, டிவி கூடாது, சில இடங்களில் மாத்திரைகூடக் கூடாது என்று கறாராக நடக்கும் பெந்தெகொஸ்தே வகைச் சபைகளில் பிறந்து வளர்ந்து, இருபதுகளிலோ முப்பதுகளிலோ வெளியே வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பாஸ்டரைப் பிடிக்காமல் பக்கத்துத் தெரு சபைக்கு மாறுகிறவர்களுக்கு இது தேவைப்படாது. கடவுள் நம்பிக்கை இன்னும் இருக்கிறவர், போய்விட்டவர் என்று பிரித்துப் பார்க்கவும் அவசியமில்லை, இரண்டு பேருக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நானும் அந்த வழியாக வந்த ஆள். எனக்குப் பின்னால் வந்தவர்களோடு பேசிப் பேசித் தெரிந்துகொண்டது என்னவென்றால், முக்கால்வாசிப் பேர் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் கடவுள் உண்டா இல்லையா என்று ராத்திரி பூராவும் யோசித்து ஒரு முடிவுக்கு வருவது, அதைப் பேஸ்புக்கில் போடுவது, வீட்டில் ரகளையாவது, அப்புறம்தான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அப்பாவின் பீரோவில் இருப்பது ஞாபகம் வருவது. நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர்: காகிதமும் பணமும் முதலில், அப்புறம் உடம்பு, கிழமைகள், ருசி, ஆட்கள். நம்பிக்கை பற்றிய கேள்வி கடைசியில்.

1. கிளம்பும் முன்: காகிதம், பணம், போன்

மதிப்பெண் பட்டியல்கள், டிசி, பட்டப்படிப்புச் சான்று, பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தகம். இவற்றின் அசல் உங்கள் கையில் இருக்க வேண்டும். வேலைக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். கொடுக்கவே மாட்டேன் என்றால் பள்ளி மதிப்பெண் பட்டியலுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் நகல் வாங்க வழி இருக்கிறது. நாள் பிடிக்கும், ஆனால் கிடைக்கும்.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்திருப்பது அப்பாவின் போன் நம்பராக இருக்கும். பள்ளியில் படிக்கும்போது கொடுத்தது, யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நீங்கள் எங்கேயோ உட்கார்ந்து கணக்கைத் திறக்கப் பார்ப்பீர்கள், ஓடிபி வீட்டுக் கூடத்தில் அடிக்கும். ஆதார் மையத்துக்கு நேரில் போனால் கைரேகை வைத்து நம்பரை மாற்றிவிடலாம், அதற்குத் தனி ஆவணம் கேட்பதில்லை. வங்கியில் தனியாக ஒரு முறை மாற்ற வேண்டும். சம்பளம் கூட்டுக் கணக்கில் விழுகிறதென்றால் உங்கள் பெயரில் மட்டும் ஒன்று தொடங்குங்கள். தசமபாகம் (சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு) தானாகப் பிடித்தம் ஆகும்படி போட்டு வைத்திருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். மனசு உறுதியாக இருக்கிற நாளில் செய்துவிட்டால், உறுதி இல்லாத மாதத்தில் பணம் போகாது.

வீட்டைவிட்டே கிளம்ப வேண்டிய நிலை என்றால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயது முடிந்தவர் தன் விருப்பப்படி வேறு இடத்தில் தங்கலாம். ஆனாலும் ‘காணவில்லை’ என்று ஸ்டேஷனில் புகார் கொடுப்பார்கள், ஸ்டேஷனிலிருந்து போன் வரும். பயந்து போனை அணைத்துவிடாமல் ஆதாரோடு நேரில் போய், என் விருப்பத்தில்தான் வந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடியும். பிரச்சினை பெரிதானால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே கிடைக்கும்.

2. சொல்வது: சாட்சி சொல்லாதீர்கள்

சின்ன வயதிலிருந்து சபையில் எழுந்து நின்று சாட்சி, அதாவது கடவுள் நம் வாழ்க்கையில் செய்ததை, சொல்லிப் பழகிய வாய் நமக்கு. அதனால் வெளியே வருவதையும் ஒரு சாட்சியாகவே சொல்லப் பார்ப்போம்: எங்கே தொடங்கியது, எது உறுத்தியது, எந்த வசனம் எதற்கு முரண் என்று. செய்யாதீர்கள். ஒவ்வொரு காரணமும் அவர்களுக்கு ஒரு பிடி. வசனத்துக்கு வசனம் என்று இறங்கினால் அதையே தொழிலாகச் செய்பவரிடம் மோதுகிறீர்கள்.

முதலில் பொறுப்புகளை விடுங்கள். ஞாயிறு பள்ளி வகுப்பு, கீபோர்டு, காணிக்கைக் கணக்கு எதுவானாலும் அடுத்த ஆளிடம் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு. அதைச் செய்தால் பிறகு யாரும் வேலை விஷயமாகக் கூப்பிட முடியாது. அப்புறம் வீட்டில் ஒருவரிடம், தனியாக, பகலில்.

“அம்மா, இனிமே நான் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, யார் மேலயும் கோபம் இல்ல. யோசிச்சுத்தான் சொல்றேன்.”

“யாருடா உன் மனசைக் கெடுத்தது?”

“யாரும் இல்லம்மா. சாப்பாடு எடுத்து வை.”

இவ்வளவு போதும். அம்மா அழுவார். அழும்போது இன்னும் நல்ல காரணம் ஒன்று சொன்னால் புரிந்துகொள்வார் என்று தோன்றும், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் இந்தப் படியிலேயே கஷ்டமான பகுதி.

அந்த வாரமே பாஸ்டர் ஐயா வீடு தேடி வருவார், கூட இரண்டு பிரதர். உட்காரச் சொல்லுங்கள், காபி கொடுங்கள், மரியாதையில் குறை வைக்காதீர்கள். “ஐயா, வந்ததுக்கு நன்றி. இதைப் பத்தி நான் இப்போ பேசறதா இல்ல” என்று சொல்லிவிட்டு அதையே திரும்பச் சொல்லுங்கள். கடைசியில் ‘ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறோம்’ என்பார்கள். அப்போது கண்ணை மூடுவதா, தலையில் கை வைக்க விடுவதா, எழுந்து உள்ளே போவதா என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். அந்த நேரத்தில் முடிவு செய்யப் பார்த்தால் உடம்பு தானாக முழங்கால் போட்டுவிடும்.

3. உடம்பு: மனசுக்கு முன்னால் இதைப் பாருங்கள்

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லும் சபையில் வளர்ந்தவர் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, பிபி, கண், பல். பெண்கள் ஹீமோகுளோபினைக் கட்டாயம் பாருங்கள், மாதவிடாயில் அதிகம் போவதை ஜெபத்திலேயே சமாளித்து வந்தவர்கள் நிறையப் பேர். போட்ட தடுப்பூசிகள் எவை, போடாதவை எவை என்பதையும் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதில் பெரும்பகுதி இலவசமாக முடியும்.

மனசை முதலில் பார்க்காமல் இதை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், ரத்தசோகையும் தூக்கமின்மையும் தைராய்டும் தருகிற சோர்வை ‘தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார்’ என்று படிக்கப் பழகியிருக்கிறோம். முதல் மாத்திரையை விழுங்கும்போது குற்றவுணர்வு வரும், தலைவலி மாத்திரையாக இருந்தாலும் வரும். வந்தால் வரட்டும், டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள்.

உபவாசத்தையும் கவனியுங்கள். வெளியே வந்த பிறகும் மனக்கஷ்டம் வந்தால் சாப்பாட்டைத் தவிர்க்கிற பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

4. காலியான கிழமைகள்

ஞாயிறு ஆராதனை, வாரநாளில் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி காத்திருப்புக் கூட்டம் (பரிசுத்த ஆவிக்காகக் காத்திருந்து ஜெபிப்பது), மாதம் ஒரு முழு இராத்திரி ஜெபம், வருஷத்துக்கு ஒரு கன்வென்ஷன். இவ்வளவும் ஒரே நாளில் நின்றுபோகும். அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் ஞாயிறு காலை 9 மணிக்கு நெஞ்சு அடைக்கும், மூன்றாவது மாதமே ‘சும்மா ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்’ என்று கிளம்பிவிடுவீர்கள். விரும்பிப் போனால் பரவாயில்லை. போக்கிடம் இல்லாமல் போனால் அது வேறு.

ஞாயிறு காலைக்கு உடம்பு அசைகிற, ஆட்கள் இருக்கிற ஏதாவது ஒன்றை வையுங்கள். பேட்மிண்டன், நீச்சல், சைக்கிள், மீன் மார்க்கெட்டுக்கு நீங்களே போய் வாங்கிச் சமைப்பது, எதுவானாலும் சரி. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் நாள் முழுக்க உட்காரலாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். வழக்கமான தவறு, அந்த நேரம் முழுவதையும் யூடியூபில் மத விவாதம் பார்த்தே கழிப்பது. சபையில் இருந்தபோது பேசிய அதே விஷயத்தைத்தான் எதிர்ப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பீர்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இழப்பு ஒன்று உண்டு: பாட்டு. தத்துவத்தை விட்டுவிடலாம், நூறு பேரோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுவதை விட முடியாது. சபையில் கற்ற கீபோர்டும் டிரம்ஸும் குரலும் உங்களுடையவை, அவற்றை ஒப்படைத்துவிட்டு வரவேண்டிய அவசியமில்லை. யார் எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அடுத்த வரிக்குள் கீபோர்டில் அதற்கான கார்டு (chord) பிடிக்கிற கை மெல்லிசைக் குழுக்களுக்குத் தேவைப்படும். பழைய பாட்டு வாயில் வந்தால் பாடிவிடுங்கள், அடக்கினால் அதிகமாகத்தான் வரும்.

5. எனக்கு என்ன பிடிக்கும்?

சிரிப்பாக இருக்கும், ஆனால் 28 வயது ஆளிடம் ‘உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்’ என்று கேட்டால் முழிப்பார். துணி, முடி, பாட்டு, கல்யாணம், படிப்பு என்று எல்லாமே தேவ சித்தம் (கடவுளின் விருப்பம்) அறிந்து நடந்ததுதானே. இங்கே ஒரு சின்ன நோட்டு உதவும். மூன்று தலைப்பு: பிடிச்சது, பிடிக்கல, தெரியல. புதிதாக ஒன்றைச் செய்த அன்றே ஒரு வரி எழுதுங்கள். சில மாதம் ‘தெரியல’ பக்கம்தான் நிரம்பும், அது சரியான போக்குதான்.

ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். ஒரே வாரத்தில் தோடு, ஜீன்ஸ், முடிவெட்டு, தியேட்டர், பீர் என்று எல்லாவற்றையும் செய்தவர்களுக்கு எது உண்மையில் பிடித்தது, எது வீம்புக்குச் செய்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. கூடாது என்று சொன்னதை எல்லாம் தேடித் தேடிச் செய்தாலும் உங்கள் பட்டியலை இன்னும் சபைதான் எழுதுகிறது.

என் சித்தி மகள் இருபதுகளின் நடுவில் காது குத்தப் போனாள். நகைக்கடைக்காரர் ‘குழந்தை எங்கம்மா?’ என்று பின்னால் எட்டிப் பார்த்தார். எனக்குத்தான் என்று சொன்னதும், வளர்ந்தவர்களுக்கு மடல் தடித்திருக்கும், கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். போட்டது ஒரு சின்னக் கல் தோடு. சில வாரம் கழற்றக் கூடாது என்றதால் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள், அம்மா முதல் நாளே பார்த்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது அவள் நோட்டில் தோடு ‘பிடிச்சது’, வளையல் ‘பிடிக்கல’.

சாப்பாட்டில் ஒரு தனிச் சிக்கல். ஆயுத பூஜைக்கு ஆபீஸில் பொரி, கடலை, வாழைப்பழத் துண்டு பொட்டலமாக வரும். ‘விக்கிரகங்களுக்குப் படைத்தது’ என்று வருஷக்கணக்கில் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனவர், இந்த முறை வைராக்கியமாக வாயில் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அவசரமில்லை. முதல் வருஷம் வாங்கி பையில் வையுங்கள், அடுத்த வருஷம் கடலையை மட்டும் சாப்பிடுங்கள். பொட்டு வைப்பதும் அப்படித்தான், பிடிக்காவிட்டால் வைக்காமலே இருக்கலாம், சபையை விட்டதற்கு அது நிரூபணம் ஒன்றும் அல்ல.

6. பயம்

அறிவு ஒரு வருஷத்தில் மாறும், பயம் மாற இன்னும் நாளாகும். மதியம் தூங்கி எழுந்தால் வீட்டில் யாரையும் காணோம், தெருவும் அமைதியாக இருக்கிறது, உடனே ‘இரகசிய வருகை நடந்துவிட்டது, இயேசு வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் கைவிடப்பட்டேன்’ என்று வயிறு கலங்கும். எல்லோரும் ரேஷன் கடைக்குப் போயிருப்பார்கள். அடுத்தது விபத்து: சபையை விட்டுப் போனவன் லாரியில் அடிபட்ட கதையைப் பிரசங்கத்தில் அத்தனை தடவை கேட்டிருக்கிறோம், பைக் டயர் பஞ்சரானாலே அதுதான் தொடக்கம் என்று தோன்றும். இன்னும் சிலருக்கு, பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பேசிவிட்டேனோ, அபிஷேகம் பண்ணப்பட்டவரை (பாஸ்டரை) எதிர்த்துவிட்டேனோ என்ற நடுக்கம்.

இப்படிச் செய்யுங்கள். பயம் வந்த நேரம், இடம், அதற்கு முன் என்ன நடந்தது, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று போனில் குறியுங்கள். கொஞ்ச நாளில் ஒரு வடிவம் தெரியும்: தூக்கம் கெட்ட மறுநாள், அம்மாவிடம் பேசிய ராத்திரி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள். காரணம் தெரிந்த பயத்தைச் சமாளிக்கலாம். நடுராத்திரியில் வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதை மறுக்கப் பார்ப்பதுதான் இங்கே செய்யக் கூடாதது, அந்த நேரத்து மூளை தோற்கத் தயாராக இருக்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் தூக்கமே இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். 14416 டெலி-மானஸ், மத்திய அரசின் இலவச மனநல எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கவுன்சிலரிடம் போனால் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு மத ஆலோசனை வேண்டாம் என்று. சிலர் சுற்றி வளைத்து ஜெபத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

7. ஆட்கள்

சபை நண்பர்கள் முதலில் உருக்கமாக, அப்புறம் கண்டிப்பாக, அப்புறம் மௌனமாகிவிடுவார்கள். அவர்களில் ஒன்றிரண்டு பேர் வசனம் அனுப்பாமல் ‘சாப்டியா’ என்று மட்டும் கேட்பார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள், அவர்களை வெளியே இழுக்கவும் பார்க்காதீர்கள்.

புது ஆட்களிடம் முதல் சந்திப்பிலேயே முழுக் கதையையும் கொட்டாதீர்கள். பாவம், அவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியாது, அப்புறம் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும்.

பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது. இறுக்கமான கூட்டத்தில் வளர்ந்தவருக்கு இறுக்கமான கூட்டம்தான் வீடு மாதிரி இருக்கும். அதனால் ஒரு வருஷத்துக்குள் சங்கிலித் தொடர் விற்பனைக் கம்பெனியிலோ, ஆசிரமத்திலோ, கட்சியிலோ, நாத்திகக் குழுவிலோகூட அதே வேகத்தோடு போய் விழுகிறார்கள். அங்கேயும் கூட்டம், அங்கேயும் சாட்சி, அங்கேயும் தலைவர் ஐயா. சேருமுன் ஒரு சோதனை வையுங்கள். சொல்லாமல் இரண்டு வாரம் போகாதீர்கள். ‘எப்படி இருக்கே’ என்று கேட்டால் சரி, ‘ஏன் வரல’ என்று விளக்கம் கேட்டால் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

8. சட்டமும் சான்றிதழும்

சபைக்குப் போவதை நிறுத்தியதால் காகிதத்தில் எதுவும் மாறாது. கிறிஸ்தவராகப் பதிவானவர் அப்படியே இருப்பார். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் வகுப்பிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சபையை விட்டுவிட்டேன், உடனே எஸ்.சி. சான்று வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாய்மதம் திரும்பியவருக்கு அந்தச் சான்று கிடைக்க, மூதாதையரின் சாதி, மதம் திரும்பியதற்கான ஆதாரம், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டது என்று மூன்றையும் காட்ட வேண்டும் என 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வதை ஏற்க மறுத்தது. எந்த விண்ணப்பத்துக்கும் முன் வக்கீலிடம் கேளுங்கள்.

கல்யாணம்: இந்துத் துணையைக் கோயிலில் தாலி கட்டி முடித்துவிட்டு இந்து திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் பார்க்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு இருவரும் அதன்கீழ் வருபவர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வில்லங்கம். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் பாதுகாப்பு. 30 நாள் அறிவிப்பு உண்டு, அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். வீட்டுக்குத் தெரியாமல் நடக்கும் என்ற நினைப்பில் இருக்காதீர்கள்.

சொத்து: கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, சபைக்குப் போகாததால் அது குறையாது. ஆனால் சுயமாகச் சம்பாதித்ததை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், சபைக்கும்கூட.

9. கல்யாண வீடு, துக்க வீடு

கல்யாணம் சுலபம். போங்கள், கவர் கொடுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ‘எப்போ திரும்பி வர்றே’ என்பவர்களுக்கு ‘பாயசம் நல்லா இருக்கு சித்தப்பா’ என்று பதில் சொல்லுங்கள்.

துக்க வீட்டுக்குத்தான் முன்னேற்பாடு தேவை. அப்பாவோ அம்மாவோ தவறினால் சில மணி நேரத்துக்குள் வீடு முழுக்கச் சபை ஆட்கள்தான் இருப்பார்கள், பந்தலிலிருந்து பெட்டிவரை அவர்கள்தான் பார்ப்பார்கள். அடக்க ஆராதனையில் பிரசங்கம் உங்களை நோக்கியே வரும், ‘இந்தத் தாயின் கண்ணீருக்கு’ என்று தொடங்கி. அண்ணன், அக்காவோடு இப்போதே பேசி வையுங்கள்: பெற்றவர்களின் விருப்பம் சபை முறைப்படி என்றால் அதை அப்படியே நடத்துவது, உங்கள் பங்கு எதுவரை, கல்லறைத் தோட்டத்தில் யார் நிற்பது. அது அவர்களுடைய அடக்கம், அன்றைக்கு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஊராட்சி, மாநகராட்சி மயானங்கள் இருக்கின்றன. உடல் தானம் என்றால் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யலாம், ஆனால் கடைசியில் ஒப்படைக்க வேண்டியது குடும்பம்தான், அதனால் அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

10. அப்போ கடவுள்?

மேலே உள்ளவை ஓரளவு நின்ற பிறகு இதைத் திறங்கள். சாப்பாடும் தூக்கமும் சம்பளமும் நாலு நண்பர்களும் இருக்கிறபோது யோசிப்பதும், இவை எதுவும் இல்லாமல் யோசிப்பதும் வேறு வேறு முடிவுகளைத் தரும்.

படிக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் சபைக்கு எதிரானவர்களிடமிருந்து தொடங்க வேண்டாம். வேதாகமம் எப்படித் தொகுக்கப்பட்டது, தமிழ்நாட்டில் பெந்தெகொஸ்தே இயக்கம் எப்படி வந்தது என்ற சரித்திரத்திலிருந்து தொடங்குங்கள். உலகம் உண்டான நாள்முதல் இருந்ததாக நினைத்த விதிகளில் பல 20-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை என்று தெரியும்போது பாதிக் கோபம் தானாகவே இறங்கிவிடும்.

எந்த முடிவையும் அறிவிக்காதீர்கள். இரண்டாவது மாதத்தில் நாத்திகன் என்று அறிவித்த ஒருவர், டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டு ஏதாவது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் பின்வரிசையில் போய் உட்கார ஆசைப்பட்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலோடு திரும்பி வந்தார். அறிவிக்காமல் இருந்திருந்தால் உள்ளே போயிருப்பார். வீட்டில் கேட்டால் “இப்போதைக்குத் தெரியல” என்று சொல்லுங்கள். அடுத்த வருஷமும் அதே பதில் என்றால் அதையே சொல்லுங்கள்.